கூரை ஒழுக்கும் வீட்டுக் காப்புறுதியும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், எங்கள் பகுதியில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபரை ஒட்டியும், பிற்பகலுக்கு மேல் வானம் இருண்டு, செம்பனைத் தோட்டங்களின் பக்கமிருந்து காற்று கிளம்பி, இடியோடு மழை கொட்டித் தீர்ப்பது வழக்கம். அப்படிப்பட்ட மழைக்கு மறுநாள் சுங்கை சிப்புட்டில் எந்தத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) போனாலும், யாராவது ஒருவர் ஏணி வைத்துக் கூரைமேல் ஏறி நிற்பதைப் பார்க்கலாம். அந்த வாரத்திலேயே ஒருவராவது காப்புறுதிப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வருவார். தோட்ட அலுவலகத்தில் நீண்ட காலம் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவன் என்பதால், கடிதம் எழுதவும் பாரம் நிரப்பவும் என்னைத் தேடி வருவது இங்குள்ளவர்களுக்குப் பழகிவிட்டது. வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: வீட்டுக்குக் காப்புறுதி இருக்கிறது, கூரை ஒழுகுகிறது, பணம் கிடைக்குமா?

சில ஒழுக்குகளுக்குக் கிடைக்கும்; பெரும்பாலானவற்றுக்குக் கிடைக்காது. எதற்குக் கிடைக்கும் என்பதை நம் மக்கள் மழைக்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும் என்ற அக்கறையில்தான் இதை எழுதுகிறேன்.

தண்ணீர் உள்ளே வந்த வழி எப்படித் திறந்தது என்பதைத்தான் காப்புறுதி நிறுவனம் முதலில் பார்க்கும். நம் நாட்டில் வீட்டுக் கட்டடத்துக்கென்று விற்கப்படும் ஹவுஸ்ஓனர் பாலிசிகளில் புயற்காற்றுச் சேதத்துக்கு இழப்பீடு உண்டு. ஆனால் மழையைப் பற்றி அங்கே கண்டிப்பான நிபந்தனை ஒன்று இருப்பது வழக்கம். மழைநீர் காற்றோடு அடித்து வந்தாலும் சரி, தானாகச் சொட்டி இறங்கினாலும் சரி, முதலில் காற்றின் நேரடி விசையால் கூரையோ சுவரோ உடைந்திருக்க வேண்டும். அந்த உடைப்பின் வழியாகவே தண்ணீர் புகுந்திருக்க வேண்டும். அப்படி நடந்திருந்தால், பறந்துபோன ஓட்டுக்கும் நனைந்து இடிந்த சீலிங்குக்கும் சேர்த்துக் கேட்கலாம். ஓடு இருந்த இடத்திலேயே இருந்து, முகட்டுச் சாந்து வெடித்த பிளவு வழியாகவோ துருப்பிடித்த ஆணித்துளை வழியாகவோ தண்ணீர் இறங்கியிருந்தால், எவ்வளவு பெரிய மழையாக இருந்தாலும் அது தேய்மானக் கணக்கில்தான் சேரும். தேய்மானத்துக்கு எந்த வீட்டுப் பாலிசியும் பணம் கொடுப்பதில்லை.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பலரிடம் இருப்பது ஹவுஸ்ஓனர் பாலிசியே அல்ல. வீட்டுக் கடன் எடுக்கும்போது வங்கியில் கையெழுத்துப் போட்ட காகிதங்களில் எம்ஆர்டிஏ என்று ஒன்று இருக்கும். அது கடன் வாங்கியவர் இறந்துபோனாலோ நிரந்தரமாகச் செயலிழந்தாலோ மீதிக் கடனை அடைப்பதற்கான ஆயுள் காப்புறுதி. கூரைக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. "கிராணி ஐயா, பேங்க்ல வீட்டுக்குப் பணம் புடிச்சாங்களே, அது இருக்குல்ல?" என்று கேட்ட ஓர் அம்மாவிடம், அந்தப் பணம் போனது இதற்குத்தான் என்று விளக்குவது எனக்கு மிகவும் வேதனையாக இருந்தது. சில வீடுகளுக்கு அடிப்படைத் தீக் காப்புறுதி மட்டும் இருக்கும். நெருப்பு, மின்னல், வீட்டில் சமையலுக்குப் பயன்படும் வாயு வெடிப்பது ஆகிய மூன்றுக்கும் அது பொறுப்பேற்கும். மின்னல் தாக்கி ஓடு சிதறினால் அதில் கேட்கலாம். காற்றில் ஓடு பறந்தால் கேட்க முடியாது. புயற்காற்று, வெள்ளம், தண்ணீர்த் தொட்டியும் குழாயும் வெடிப்பது, வண்டி வந்து மோதுவது, பூட்டை உடைத்துத் திருடுவது ஆகியவையெல்லாம் ஹவுஸ்ஓனர் பாலிசியில்தான் வருகின்றன. ஹவுஸ்ஹோல்டர் என்ற பாலிசி வேறு. அது வீட்டுக்குள் இருக்கும் பொருள்களுக்கு உரியது. காற்றில் கூரை உடைந்து மழை உள்ளே கொட்டினால் சீலிங்குக்கும் சுவருக்கும் முதல் பாலிசியிலும், நனைந்த மெத்தைக்கும் தொலைக்காட்சிக்கும் இரண்டாவதிலும் கேட்க வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் வைத்திருப்பவருக்கு ஒரு பக்கம் மட்டுமே கிடைக்கும்.

கடன் அடைந்த வீடுகளின் நிலை இதைவிட மோசம். கடன் இருக்கும்வரை வீட்டுக்குக் காப்புறுதி இருக்கிறதா என்று வங்கி ஆண்டுதோறும் பார்த்துக்கொள்ளும். கடைசித் தவணை கட்டி, கிராண்டை (வீட்டு நிலப் பத்திரத்தை) வாங்கி வந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்ட நாளோடு அந்தக் கண்காணிப்பும் முடிந்துவிடுகிறது. புதுப்பிக்கும் கடிதம் அதன்பின் வந்தாலும் அது எதற்கென்று தெரியாமல் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. எங்கள் தாமானில் சொந்த வீட்டுக்காரர்களில் பாதிப்பேராவது எந்தக் காப்புறுதியும் இல்லாமல் இருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

இதற்கு நம் மக்களின் கவனக்குறைவை மட்டும் காரணமாகச் சொல்வது நியாயமாகாது. லயத்து வீட்டில் வாழ்ந்தவரை கூரை தோட்டத்துக்குச் சொந்தம். தகரம் ஓட்டையானால் ஆபீசில் போய்ச் சொல்வார்கள். தாமதமாகவேனும் தோட்டத்துத் தச்சர் வந்து தகரத்தை மாற்றுவார். தொழிலாளர்களுக்குக் கொடுத்த வீட்டைப் பழுதில்லாமல் வைத்திருப்பது முதலாளியின் கடமை என்று 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டமும் சொன்னது. தோட்டங்கள் கைமாறி, பால்மரம் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் காலியாகி, சேமநிதிப் பணத்தைப் போட்டு மலிவு விலை வீடுகளுக்குக் குடிவந்த குடும்பங்களுக்கு, தலைக்குமேல் இருக்கும் கூரை முதல்முறையாக அவர்களுடைய சொந்தப் பொறுப்பானது. பொறுப்பு கைமாறியதை யாரும் உட்கார்ந்து அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட பாலிசியும் மலாயிலோ ஆங்கிலத்திலோ பொடி எழுத்தில்தான் இருந்தது.

ஒரே புயலுக்குப் பிறகு ஒரே வரிசையில் இரண்டு வீடுகளுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். முனை வீட்டில் இருக்கும் அக்காவின் கூரையில் முன்பக்கத்து ஓடுகள் காற்றில் கிளம்பி, சில ஓடுகள் சாலையில் விழுந்து உடைந்திருந்தன. அவருடைய மகன் அன்று மாலையே கூரையையும், சாலையில் கிடந்த ஓட்டுத் துண்டுகளையும், அறைக்குள் தேங்கிய தண்ணீரையும் கைப்பேசியில் படம் பிடித்துவிட்டு, கான்வாஸ் வாங்கிக் கட்டினான். அவர்களுக்குப் பணம் வந்தது. நான்கு வீடு தள்ளி இருந்த ஒருவருக்கு அதே மழையில் படுக்கையறைச் சீலிங் ஊறி ஒரு மூலை இடிந்து விழுந்தது. அவரும் விண்ணப்பித்தார்; நிறுவனம் அனுப்பிய சேத மதிப்பீட்டாளர் வந்தபோது ஏணியைப் பிடித்துக்கொண்டு நான் கீழே நின்றேன்.

மதிப்பீட்டாளர் வெளியே கூரையைப் பார்த்த நேரத்தைவிடச் சீலிங்கின் திறப்பு வழியாகத் தலையை நுழைத்து டார்ச் விளக்கை அடித்துப் பார்த்த நேரம்தான் அதிகம். அவர் இறங்கிய பிறகு நானும் ஏறிப் பார்த்தேன். ரீப்பர் கட்டையில் தண்ணீர் இறங்கிய தடம் கறுத்துப்போய், ஓரங்களில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. ஆணியைச் சுற்றித் துரு கசிந்து மரத்துக்குள் ஊறியிருந்தது. இடியாமல் மிச்சமிருந்த சீலிங் பலகையில், மரத்தை அறுத்த இடத்தில் தெரியும் வளையங்களைப் போல, ஒன்றைச் சுற்றி ஒன்றாகப் பழுப்புக் கறைகள் இருந்தன. ஒவ்வொரு வளையமும் ஒரு பழைய மழை. இதெல்லாம் ஒரே நாளில் வந்ததல்ல என்பதற்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. மேலே எந்த ஓடும் நகரவில்லை. இரண்டு சரிவுகள் கூடும் பள்ளத்தில் பதித்திருந்த தகடு அரித்துப்போயிருந்தது. அவருடைய விண்ணப்பம் மறுக்கப்பட்டது. அந்த வீட்டுக்காரர் மனம் நொந்துபோனார். ஆனால் பாலிசியின் வார்த்தைகளின்படி அந்த முடிவில் குறை சொல்ல எனக்கு இடம் தெரியவில்லை. அந்தத் தகட்டை மாற்ற ஆகும் செலவு, இடிந்த சீலிங்கையும் நனைந்த அலமாரியையும் மாற்றும் செலவில் சிறு பங்குதான்.

ஆகையால் மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை சீலிங்குக்கு மேலே பார்த்துவிடுவது காப்புறுதிக்கும் துணை செய்யும் வேலை. தகரக் கூரையில் ஆணித்தலைக்குக் கீழே இருக்கும் ரப்பர் வளையம் வெயிலில் வறண்டு வெடிக்கும். ஓட்டுக் கூரையில் முகட்டுச் சாந்து பிளவுபடும். பழைய மலிவு வீடுகளில் அஸ்பெஸ்டாஸ் தகடு இருந்தால் அதை நீங்களே உடைக்கவோ துளைபோடவோ வேண்டாம். அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு, பழகிய ஆளை வைத்து மாற்றுங்கள். கூரை நன்றாக இருக்கும் நாளில் எடுத்து வைத்த படம், பின்னாளில் காற்று உடைத்தது என்று நீங்கள் சொல்வதற்குப் பலம் சேர்க்கும். பழுது பார்த்த ரசீதுகளையும் அதே உறையில் போட்டு வையுங்கள்.

மழை இல்லாத நாளிலும் சீலிங்கில் ஈரம் தெரிந்தால் அது கூரை ஒழுக்காக இருக்காது. மேலே இருக்கும் தண்ணீர்த் தொட்டியோ அதற்குப் போகும் குழாயோ காரணமாக இருக்கலாம். தொட்டி உடைந்தோ நிரம்பி வழிந்தோ வரும் சேதம் ஹவுஸ்ஓனர் பாலிசியில் தனிப் பிரிவாகவே இருக்கிறது. அங்கே காற்று வந்து உடைத்திருக்க வேண்டும் என்ற கேள்வி எழாது. கூரை ஒழுகுகிறது என்று எழுதிக் கொடுத்து மறுக்கப்பட்ட ஒருவருக்கு உண்மையில் தொட்டியின் மிதவை வால்வுதான் கெட்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. காரணத்தை உறுதியாகத் தெரிந்துகொள்ளும்வரை பாரத்தில் காரணத்தை ஊகித்து எழுத வேண்டாம். வெள்ளம் என்று எழுதுவதும் அப்படித்தான்: ஆறோ கால்வாயோ சாக்கடையோ நிரம்பி வெளியிலிருந்து புகும் நீரைத்தான் பொதுவாக வெள்ளம் என்று எடுத்துக்கொள்கிறார்கள், மேலிருந்து சொட்டிய மழையை அதில் சேர்ப்பதில்லை.

நம் ஊரில் அதிகம் ஒழுகும் இடம் பின்னால் இழுத்துக் கட்டிய சமையலறைதான். கல்யாணத்துக்கோ பேரப்பிள்ளைகள் வருகைக்கோ வீட்டின் பின்புறம் நீட்டிக் கட்டும்போது, பழைய சுவரில் புதிய கூரை வந்து சேரும் இடத்தில் தகட்டுப் பட்டையைச் சரியாகப் பதிக்காமல் சிமெண்டைப் பூசி மூடிவிட்டுப் போய்விடுவார்கள். ஓராண்டில் அந்தப் பூச்சு விரியும். அந்த ஒழுக்கு கட்டுமானக் குறை. அதற்குக் கட்டிக் கொடுத்த குத்தகையாளரைத்தான் கேட்க வேண்டும். காப்புறுதியின் பக்கத்திலும் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நீட்டிக் கட்டியதை நிறுவனத்துக்குச் சொல்லாமல் விட்டால், பாலிசி பழைய வீட்டுக்குத்தான் எழுதப்பட்டது என்ற வாதம் வரலாம். காப்புறுதி எடுக்கும்போதும் புதுப்பிக்கும்போதும் கேட்கப்படும் கேள்விகளுக்கு நியாயமான கவனத்தோடு உண்மையைச் சொல்லும் கடமையை 2013ஆம் ஆண்டின் நிதிச் சேவைகள் சட்டம் நம்மீது வைத்திருக்கிறது. சுவர் முழுவதும் கல்லா, பாதி பலகையா, கூரை ஓடா தகரமா என்பதைப் பொறுத்துக் கட்டணம் மாறுவதால், முகவர் தாமாக நிரப்பிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடாதீர்கள். வாசலில் போடும் ஆவ்னிங் (நிழற்கூரை), வேலி, கேட் ஆகியவை புயற்காற்றுப் பிரிவில் பல பாலிசிகளில் விலக்கப்பட்டிருக்கின்றன என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டோரத்து மரம் காற்றில் முறிந்து கூரைமேல் விழுந்தால் புயற்காற்றின் கீழ் கேட்கலாம். காற்றே இல்லாத நாளில் உளுத்த கிளை விழுவதற்கும் பாதுகாப்பு வேண்டுமென்றால், மரம் விழுவதற்கான கூடுதல் பிரிவைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். மண்சரிவுக்கும் நிலம் அமிழ்வதற்கும் தனியாகச் சேர்த்தால்தான் உண்டு. குன்றையொட்டி வீடு வைத்திருப்பவர்கள் இதை விட்டுவிடக் கூடாது.

அடுத்தது காப்புறுதித் தொகை. இதில்தான் தகுதியான விண்ணப்பத்துக்கும் பாதிப் பணம் போய்விடுகிறது. வீட்டை என்ன விலைக்கு வாங்கினோம் என்பதும், இன்று விற்றால் என்ன கிடைக்கும் என்பதும் இங்கே கணக்கில்லை. நிலத்தின் மதிப்பை நீக்கிவிட்டு, இதே வீட்டை இன்றைய விலைவாசியில் திரும்பக் கட்ட எவ்வளவு ஆகுமோ அந்தத் தொகைக்குக் காப்புறுதி எடுக்க வேண்டும். திரும்பக் கட்ட 200,000 வெள்ளி (ரிங்கிட்) ஆகும் வீட்டை, இருபது வருடத்துக்கு முந்தைய கணக்கில் 100,000 வெள்ளிக்கு எடுத்து வைத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். புயலில் 12,000 வெள்ளி சேதம் என்றால், மதிப்பில் பாதிக்குத்தான் நீங்கள் காப்புறுதி செய்திருக்கிறீர்கள் என்று சொல்லி 6,000 வெள்ளிதான் கணக்கிடுவார்கள். அதிலும் நாமே ஏற்க வேண்டிய முதல் தொகை கழியும். புயற்காற்றுக்கும் வெள்ளத்துக்கும் அது வழக்கமாகக் காப்புறுதித் தொகையில் 1 விழுக்காடு அல்லது 200 வெள்ளி, இவற்றில் எது குறைவோ அது. கட்டுமானச் செலவைக் கணக்கிட்டுப் பார்க்க மலேசியப் பொதுக் காப்புறுதிச் சங்கமான பியாம் தன் இணையத்தளத்தில் ஒரு கணிப்பானை வைத்திருக்கிறது. பிள்ளைகளிடம் சொல்லி அதைப் போட்டுப் பாருங்கள். 2016 ஜூலை 1 முதல் தீக் காப்புறுதிக் கட்டண விதிகள் படிப்படியாகத் தளர்த்தப்பட்டு வருவதால், நிறுவனத்துக்கு நிறுவனம் விலையும் சலுகைகளும் மாறுகின்றன. பக்கத்து வீட்டுப் பாலிசியில் இருப்பது உங்கள் பாலிசியிலும் இருக்கும் என்று நம்பிவிட முடியாது.

பிள்ளைகள் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்ய, பெற்றோரும் அவர்களோடு போய்விட்டு வீட்டைப் பூட்டி வைத்திருப்பது இப்போது அதிகமாகியிருக்கிறது. வீடு நீண்ட நாள் ஆளில்லாமல் கிடந்தால் பாதுகாப்பின் சில பகுதிகள் நின்றுவிடும் என்ற நிபந்தனை பாலிசிகளில் உண்டு; பலவற்றில் அந்த வரம்பு 90 நாள். போவதற்கு முன் நிறுவனத்துக்கு எழுதித் தெரிவியுங்கள்.

காற்று கூரையை உடைத்துவிட்டால், முதலில் மின்சாரத்தின் மெயின் சுவிட்சை அடைத்துவிடுங்கள். சீலிங்கில் இறங்கிய தண்ணீர் விளக்கின் வயரைப் பிடித்து வரும். பிறகு எதையும் அப்புறப்படுத்துமுன் படம் எடுங்கள்: வெளியிலிருந்து கூரை, விழுந்த ஓடுகள், உள்ளே திறந்த வானம் தெரியும் துளை, நனைந்த பொருள்கள். சேதம் பெருகாமல் தடுப்பது நம் கடமை என்பதால் கான்வாஸ் போட்டு மூடுவது தவறாகாது. வாங்கிய ரசீதை வைத்திருங்கள். ஆனால் மதிப்பீட்டாளர் பார்க்கும்வரை முழுப் பழுதையும் பார்த்து முடித்துவிடாதீர்கள். உடைந்த ஓட்டையும் ஊறிய பலகையையும் குப்பையில் எறியாமல் ஒரு பக்கம் அடுக்கி வையுங்கள். முகவரிடம் வாயால் சொன்னதோடு நிற்காமல், நிறுவனத்துக்கே எழுத்து மூலமாகத் தெரிவித்து, பதிவு எண்ணை வாங்குங்கள். கூரைக் குத்தகையாளரின் மதிப்பீட்டுக் கடிதத்தில் வெறுமனே "கூரை பழுது" என்று எழுதாமல், எந்த ஓடுகள் எந்தப் பக்கம் கிளம்பின, எத்தனை உடைந்தன என்று விவரமாக எழுதச் சொல்லுங்கள். அந்த நாளில் காற்று அடித்ததா என்ற சந்தேகம் எழுந்தால், மலேசிய வானிலை ஆய்வுத் துறையிடம் பதிவைக் கேட்டு இணைக்கலாம். அதே தெருவில் வேறு வீடுகளுக்கு நேர்ந்த சேதத்தின் படங்களும் உதவும்.

மறுப்புக் கடிதம் வந்தால், பாலிசியின் எந்தப் பிரிவின்படி மறுக்கிறார்கள் என்று அதில் எழுதியிருக்கிறதா பாருங்கள்; இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள். மதிப்பீட்டாளர் தேய்மானம் என்று சொல்லி, உங்களிடம் காற்று உடைத்ததற்கான படங்கள் இருந்தால், அவற்றோடு நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு முதலில் எழுத வேண்டும். அங்கும் தீராவிட்டால், இத்தகைய தகராறுகளைத் தீர்த்து வைக்கும் நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மன் சேவையிடம் போகலாம். முன்பு ஓஎஃப்எஸ் என்று இருந்ததுதான் 2025 ஜனவரி 1 முதல் எஃப்எம்ஓஎஸ் என்ற பெயரில் இயங்குகிறது. 250,000 வெள்ளி வரையிலான வழக்குகளை ஏற்கிறது. பயனீட்டாளரிடம் கட்டணம் வாங்குவதில்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. நிறுவனத்தின் இறுதி முடிவு வந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் அங்கே புகார் போய்ச் சேர வேண்டும். எனவே அந்தக் கடிதம் எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்பதை அதன் மேலேயே எழுதி, பாலிசியோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.